குன்றுக்குள் மூன்று வீடுகள்: 28 மி.மீ. மேசைப் போர் விளையாட்டுக்கான மாதிரிகள், ஒரு நிகழ்வு ஆய்வு

குன்றைக் குடைந்து, வட்டக் கதவு வைத்து, கூரையில் புல் வளர்த்து வாழும், கற்பனைக் கதைகளின் குள்ள இனமான ஹாஃப்லிங்குகளின் குடியிருப்பு ஒன்று மேசைக்குத் தேவைப்பட்டது. ஆட்டத்தின் சிற்றுருவங்கள் அதன் மேல் ஏறி நிற்க வேண்டும், முற்றத்தில் சண்டை நடக்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குள் போக வேண்டும். இதற்காக மூன்று வீடுகள் கட்டப்பட்டன. முதல் வீட்டில் ஒற்றைக் கதவு, உள்ளே வெற்றிடம் கிடையாது. இரண்டாவதன் உச்சியைத் தூக்கித் திறந்தால் அறை தெரியும். இந்த இரண்டும் நுரைப்பலகையில் தொடங்கி முழுக்கக் கையால் எழுப்பியவை. மூன்றாவதற்கு, மனித உருவங்களுக்காக வார்த்த பிளாஸ்டிக் கிட் (துண்டுகளாக வாங்கி ஒட்டும் மாதிரி) வீடொன்றின் முன்சுவரை மட்டும் எடுத்து, மாற்றிக் குன்றுக்குள் புதைத்தோம்.

சுவர் மட்டும் என்றால் எளிது. குன்று மட்டும் என்றாலும் எளிது. தொல்லையெல்லாம் இரண்டு பொருள்கள் சேரும் கோட்டில்தான் வருகிறது. கல்லும் புல்லும் சேரும் இடம், நுரையும் பிளாஸ்டிக்கும் ஒட்டும் இடம், குன்று அடிப்பலகையில் இறங்கும் இடம், மூடி உட்காரும் இடம். மூன்று வீடுகளிலும் எந்த வேலை முந்தி, எது பிந்தி என்பதை இந்தக் கோடுகளே முடிவு செய்தன.

அளவுகள்

28 மி.மீ. என்பது மனித உருவத்தின் பாதத்திலிருந்து கண் வரையான உயரம். அளவு விகிதம் ஏறத்தாழ 1:56. அதே வரிசையில் வரும் ஹாஃப்லிங் உருவம் கண் வரை 18 மி.மீ. இருக்கும். உருவம் 3 மி.மீ. தடிமனுள்ள அடித்தட்டின் மேல் நிற்பதால் அந்த 3 மி.மீட்டரையும் கதவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். விகிதப்படி மட்டும் கதவு வைத்தால், உருவத்தை எதிரே நிறுத்தியதும் கதவு பொம்மைக் கதவாகச் சுருங்கித் தெரியும். 34 மி.மீ. விட்டம் சரியாக அமைந்தது. ஹாஃப்லிங் தாராளமாக நுழையலாம், அடித்தட்டோடு தலை உச்சிவரை 35 மி.மீ. வரும் மனிதன் தலை குனிய வேண்டும். இவை யாருடைய வீடுகள் என்பதை அந்த வித்தியாசமே சொல்லிவிடுகிறது.

குன்றின் அளவைத் தீர்மானிப்பது 25 மி.மீ. வட்ட அடித்தட்டு. பார்க்க இயல்பாக இருக்கும் தொடர் சரிவில் உருவம் நிற்காது. புல் ஒட்டிய பரப்பில்கூடச் சரிவு 20 பாகையைத் தாண்டினால் உலோக உருவத்தை நம்பி நிறுத்த முடியாது. 60 மி.மீ. உயரக் குன்றை 20 பாகைச் சரிவில் இறக்க 165 மி.மீ. நீளம் வேண்டும். அதையே மூன்று அடுக்காக்கி, ஒவ்வோர் அடுக்கும் 20 மி.மீ. உயரம், கிடையாக 12 மி.மீ. சாய்முகம், இடையே 30 மி.மீ. அகலத்தில் மட்டமான திட்டு என்று வைத்தால், 12 மி.மீ. சாய்முகம் மூன்று, 30 மி.மீ. திட்டு இரண்டு, மொத்தம் 96 மி.மீட்டரில் முடிந்துவிடும். உருவம் சறுக்காமல் நிற்கும், அடிப்பலகையும் ஏழு சென்டிமீட்டர் சிறியதாகும். ஆடுகளத்துக்கான குன்றுக்குத் திட்டு முறையே சரி. தொடர் சரிவு கண்காட்சிப் பேழைக்குப் பொருந்தும்.

இந்தக் கணக்கில் முதல் வீட்டுக்கு வந்த அளவுகள்: அடிப்பலகை 280 × 220 மி.மீ. முன்பக்கம் 55 மி.மீ. ஆழ முற்றம், இரண்டு வரிசை உருவங்களுக்குப் போதும். கீழ் அடுக்கு 270 × 156, நடு அடுக்கு 216 × 114, மேல் அடுக்கு 162 × 72 மி.மீ. பக்கவாட்டில் யாரும் நிற்கப் போவதில்லை என்பதால் அங்கே திட்டு 15 மி.மீ. மட்டுமே. உச்சியில் 138 × 60 மி.மீ. சமதளம் கிடைக்கும். பத்து உருவங்கள் இரண்டு வரிசையாக நிற்கலாம். முகப்புச் சுவர் முழு உயரமான 60 மி.மீ.

பலகையும் பசையும்

குன்றுக்கு 20 மி.மீ. எக்ஸ்பிஎஸ், அதாவது நெருக்கமான பாலிஸ்டைரீன் நுரைப்பலகை. மணிமணியாக உதிரும் தெர்மாகோல் இந்த வேலைக்கு வேண்டாம். கத்தி படும் இடமெல்லாம் குழி விழும், கல் செதுக்கினால் கோடு நிற்காது. எக்ஸ்பிஎஸ் நுண்ணறைகள் சிறியவை, சீரானவை, அதனால் பேனா முனையால் அழுத்தினால் கோடு அப்படியே பதியும்.

அடுக்குகளை ஒட்டிய பிறகு சூடான கம்பியால் சீவலாம் என்று நினைத்தால் வேலை பாதியில் நின்றுவிடும். பிவிஏ, அதாவது மரவேலைக்கான வெள்ளைப் பசை, காய்ந்த கோட்டில் கம்பி சிக்கிக்கொள்ளும். கம்பி அங்கே நிற்கும் நேரத்தில் சுற்றிலுமுள்ள நுரை உருகிப் பள்ளமாகும். ஆகவே ஒவ்வோர் அடுக்கின் சாய்முகத்தையும் ஒட்டுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். ஒட்டிய பின் மிச்சமுள்ள செதுக்கலுக்கு, நீட்டிய கட்டர் பிளேடும் 120 எண் உப்புத்தாளும். சூடான கம்பி எழுப்பும் புகையை முகராமல் இருக்க ஜன்னல் திறந்த இடத்தில், கம்பி நுரையை மெல்ல உருக்கும் அளவுக்கு மட்டும் சூடு வைத்து வெட்ட வேண்டும். புகை தெரிந்தால் சூடு கூடிவிட்டது என்று பொருள்.

இரண்டு நுரைப்பலகைகளுக்கு நடுவே பிவிஏ காய்வது மிக மெதுவாக நடக்கும். பசையிலுள்ள தண்ணீர் வெளியேற ஓரம் மட்டுமே வழி. முழுப்பரப்பிலும் பூசினால் நடுப்பகுதி பல நாள் ஈரமாகவே கிடக்கும், பிறகு செதுக்கும்போது அடுக்குகள் நழுவும். ஓரத்திலிருந்து 20 மி.மீ. உள்ளே ஒரு வளையமாகவும், நடுவில் சில பொட்டுகளாகவும் பசை வைத்து, அடுக்குக்கு நான்கு பல்குச்சிகளைச் சாய்வாகக் குத்திப் பிடிமானம் கொடுப்பது போதும். பல்குச்சி சாய்முகத்துக்கு அருகே வரக் கூடாது. பின்னால் பிளேடு அதில் மோதி வழுக்கும். அவசரமென்றால் பாலியூரிதேன் பசை நல்லது. ஒரு பரப்பை ஈரத்துணியால் துடைத்து, மற்றதில் பசையை மெல்லிய படலமாக இழுத்து, மேலே எடை வைக்க வேண்டும். நுரைத்து உப்பும் பசை அது, எடை இல்லாவிட்டால் பலகையையே தூக்கிவிடும். சூப்பர் க்ளூவும் கரைப்பான் வாசனை வீசும் எந்தப் பசையும் நுரையைத் தின்றுவிடும்.

அடிப்பலகைக்கு 3 மி.மீ. எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை. ஓரத்தை 8 மி.மீ. அகலத்துக்குச் சாய்வாகத் தேய்க்க வேண்டும், தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். எம்டிஎஃப் மேல்பக்கம் மட்டும் ஈரம் வாங்கினால் காயும்போது கிண்ணம்போல் வளையும். மேலே எதையும் பூசுவதற்கு முன் இரண்டு பக்கமும் ஓரங்களும் ஒரே நாளில் பெயின்ட்டோ வார்னிஷோ வாங்கிவிட்டால் இந்தப் பிரச்சினை பெருமளவு குறைகிறது. தண்ணீரே ஆகாத 3 மி.மீ. பிவிசி நுரைத்தகடு இன்னும் பாதுகாப்பானது. ஆனால் எடை குறைவு, மேசையில் கை பட்டால் நகரும்.

முகப்பு

முகப்பைக் குன்றில் நேரடியாகச் செதுக்குவதில்லை. 10 மி.மீ. எக்ஸ்பிஎஸ்ஸில் 150 × 60 மி.மீ. தனித்துண்டாகச் செய்து, குன்றின் முன்பக்கத்தில் 10 மி.மீ. பள்ளம் வெட்டிப் பொருத்த வேண்டும். தட்டையாக மேசையில் கிடத்திக் கல் செதுக்குவது, நிமிர்ந்து நிற்கும் குன்றில் செதுக்குவதைவிடப் பல மடங்கு சுலபம். கதவு கோணலாக வந்தால் முகப்பை மட்டும் தூக்கி எறியலாம், குன்று தப்பிக்கும்.

கற்களின் அளவு 4 முதல் 9 மி.மீ. வரை கலந்து வரட்டும். இதைவிடப் பெரிதானால் வீடு கோட்டையாகத் தெரியும். முதலில் பிளேடால் 1 மி.மீ. ஆழக் கோடு, பிறகு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அதே கோட்டை அகலப்படுத்த வேண்டும். பேனாவை மட்டும் இழுத்தால் நுரையின் தோல் கிழிந்து பிசிறும். கோடு முடிந்ததும் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி முழுப்பரப்பிலும் அழுத்தி உருட்ட வேண்டும். சில கற்களை விரலால் அரை மி.மீ. உள்ளே தள்ளினால் சுவருக்கு உயிர் வரும்.

இந்த வகை வீடுகளுக்கு உலகில் நிஜமான முன்னோடிகள் உண்டு, அவற்றைப் பார்த்துச் செய்வதில் பெரிய லாபம் இருக்கிறது. ஐஸ்லாந்தின் புல்மண் வீடுகளில் பலவற்றில் சுவரின் அடியில் கல் வரிசை, அதன்மேல் வெட்டி எடுத்த புல்மண் கட்டிகள். கிளாம்பேர் பண்ணை வீட்டின் சுவர்களில் இந்தக் கட்டிகளை மீன் எலும்பு வரிசையில் சாய்த்துச் சாய்த்து அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். முற்றத்தின் இருபுறமும் வரும் தாங்கு சுவர்களுக்கு இதே வரிசையை எடுத்துக்கொண்டோம். கீழே இரண்டு வரிசை கல், மேலே 5 மி.மீ. அகலக் கட்டிகள் ஒரு வரிசை இடப்பக்கம் சாய, அடுத்தது வலப்பக்கம் சாய. தாங்கு சுவர் முகப்பின் முனையிலிருந்து தொடங்கி 30 மி.மீ. முன்னே வளைந்து வருவதால், முகப்பும் குன்றும் சேரும் செங்குத்துக் கோடு அதன் பின்னே மறைந்துவிடுகிறது.

வட்டக் கதவு

கதவு நிலைக்கு 40 மி.மீ. வெளிவிட்ட பிவிசி குழாயில் 8 மி.மீ. வளையம். குழாயின் சுவர்த் தடிமன் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். உள்விட்டத்தை அளந்த பிறகே கதவை வெட்ட வேண்டும், இங்கே 35 மி.மீ. வந்தது. குழாயைச் சுற்றிக் காகிதப் பட்டை ஒட்டி, அந்த ஓரத்தை வழிகாட்டியாக வைத்து அறுத்தால் வெட்டு நேராக இருக்கும். பிவிசி வழவழப்பானது, 180 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்காவிட்டால் பெயின்ட் நகம் பட்டாலே உரியும்.

வளையத்தை முற்றத்தின் மட்டத்துக்கு 3 மி.மீ. கீழே புதைக்க வேண்டும். வட்டம் தரையை ஒரு புள்ளியில் தொட்டுக்கொண்டு நின்றால் உருண்டுவிடும் போலத் தோன்றும். புதைத்த பின், உள்வட்டத்தின் அடியில் 3 மி.மீ. உயரமும் ஏறத்தாழ 20 மி.மீ. நீளமும் கொண்ட வாசற்கல் வைத்தால் காலெடுத்து வைக்க இடம் வந்துவிடும். கதவு குடியிருக்கும் வீட்டுக் கதவாகத் தெரிவது இந்த ஒரு கல்லால்தான்.

கதவுப் பலகை, காபி கலக்கும் மரக்குச்சிகள். ஒவ்வொன்றும் 5 முதல் 6 மி.மீ. அகலம், ஏழு குச்சிகள் போதும். கம்பித் தூரிகையால் நார்வாக்கில் இரண்டு இழுப்பு இழுத்தால் மர ரேகை எடுப்பாகும். 1 மி.மீ. அட்டையில் பிவிஏ தடவிப் பக்கம்பக்கமாக ஒட்டி, பின்புறம் குறுக்காக இரண்டு குச்சிகள் ஒட்டி, எடை வைத்துக் காயவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு வில்லாக வளையும். காய்ந்த பிறகே வட்டம் வெட்ட வேண்டும். அதிலும் நார் குறுக்கே போகும் மேல், கீழ் ஓரங்களை முதலில் சின்னச் சின்ன வெட்டுகளாக வெட்டிவிட வேண்டும். இழுத்து வெட்டினால் நார் பிளந்து குச்சி நீளத்துக்கும் ஓடும். கதவின் விட்டம் வளையத்தின் உள்விட்டத்தைவிட 1 மி.மீ. குறைவு, ஆக 34. தண்ணீர்ப் பெயின்ட் பட்டதும் மரம் சற்று ஊதும் என்பதற்கான இடம் அது.

கீல் பட்டைகளை 0.5 மி.மீ. அட்டையில் 3 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, முனையைக் கூராக்கி, சூப்பர் க்ளூவை அட்டையில் ஊறவிட்டால் பிளாஸ்டிக் போலக் கெட்டியாகும். ஆணித் தலைகளுக்குப் பல்குச்சி முனையில் கெட்டியான பிவிஏ பொட்டு. கைப்பிடிக்கு நடு மையத்தில் உருண்டைத் தலைக் குண்டூசி, தண்டை 10 மி.மீ. விட்டு வெட்டி உள்ளே செருகியது. எபாக்சி புட்டியில் (இரு பொருளைப் பிசைந்தால் இறுகும் களிம்பு) உருட்டிய கைப்பிடியும் வைத்துப் பார்த்தோம். முதல் தட்டலில் கழன்று விழக்கூடியது அது. குண்டூசி போகாது.

கதவு மூடியிருப்பதே மேசைக்கு ஏற்றது. திறந்த கதவுதான் வேண்டுமென்றால் உள்பக்கமாகத் திறக்கட்டும். வெளியே திறந்தால் கதவின் அடிவளைவு வாசற்கல்லில் இடிக்கும், முற்றத்தில் உருவம் நகர்த்தும் விரலும் இடிக்கும். உள்ளே திறக்க 25 மி.மீ. ஆழக் குழி குடைந்து கறுப்புப் பூசினால் போதுமானது.

ஜன்னல்களுக்கு 20 மி.மீ. விட்ட உலோக வாஷர்கள் சட்டமாகின. குறுக்குக் கம்பி 0.8 மி.மீ. பிளாஸ்டிக் தண்டு, கண்ணாடி ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள். தாளைப் பிவிஏயால்தான் ஒட்ட வேண்டும். சூப்பர் க்ளூவின் ஆவி அதில் வெண்படலமாகப் படியும்.

புல்லும் கல்லும் சேரும் கோடு

இந்த மாதிரியை ஆக்குவதும் கெடுப்பதும் முகப்பின் மேல்விளிம்பு. கல்சுவர் முடிந்து புல் தொடங்கும் 150 மி.மீ. நீளக் கோடு. நேராகப் புல்லை விளிம்புவரை ஒட்டினால் சுவரின்மேல் பச்சைத் துணி விரித்த மாதிரி இருக்கும். மண்ணின் கனம் தெரியாது. அத்துடன், உருவங்களை எடுத்து வைக்கும் விரல் முதலில் உரசுவது இந்த விளிம்பில்தான். மூன்று ஆட்டம் தாண்டினால் வெள்ளை நுரை எட்டிப் பார்க்கும்.

நார்வேயின் புல்கூரைகளில் இதற்கு விடை இருக்கிறது. கூரை மண் சறுக்கி விழாமலிருக்க, கூரை விளிம்பு நெடுக ஒரு மரக்கட்டையைக் கிடத்தி, வளைந்த கொக்கிகளால் பிடித்து வைப்பார்கள். மாதிரியிலும் அதுவே. 4 மி.மீ. தடிமனுள்ள, நன்றாகக் காய்ந்த சுள்ளி ஒன்று முகப்பின் தலையில், சுவரைவிட 3 மி.மீ. முன்னே நீட்டிக்கொண்டு. 35 மி.மீட்டருக்கு ஒன்றாக, கிளை பிரியும் இடத்தில் வெட்டிய குட்டிக் கவைகள் கொக்கியாகச் சுவரில் செருகியவை. சுள்ளிக்குப் பின்னால் மண்பூச்சை 2 மி.மீ. உயர்த்திப் புடைக்க வைத்தால், மண் கட்டையின் மேல் சாய்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். கடைசியாக, தேங்காய் நாரைப் பிரித்து 4 முதல் 6 மி.மீ. துண்டுகளாக வெட்டி, பத்துப் பதினைந்து இழைகளைக் கட்டைக்கடியில் வேராகத் தொங்கவிட வேண்டும். வரிசையாக வேண்டாம், இரண்டு மூன்று இடத்தில் கொத்தாக இருந்தால் போதும். உரசலை இனி மரக்கட்டை வாங்கிக்கொள்கிறது. ஆடுகளத்தில் தேயாத ஒரே விளிம்பாக இது நின்றது.

கிட் வீட்டை மாற்றியது

மூன்றாவது வீட்டுக்கு எடுத்தது மரச்சட்டம் தெரியும் சாந்துச் சுவர் கொண்ட கிட். முன்சுவரை மட்டும் வைத்துக்கொண்டு பக்கச்சுவர், கூரை எல்லாவற்றையும் உதிரிப் பெட்டிக்கு அனுப்பலாம். அதன் ஜன்னல்களின் அடிமட்டம் தரையிலிருந்து 19 மி.மீ. இருந்தது. ஹாஃப்லிங் எட்டிப் பார்க்க 11 மி.மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. சுவரின் அடியை வெட்டிக் குறைப்பதைவிட, நுரையில் 2 மி.மீ. அகலத்தில் 8 மி.மீ. ஆழ வெட்டு போட்டுச் சுவரை அதில் இறக்குவது மேல். ஜன்னல், சட்டம் எல்லாமே ஒருசேரத் தாழ்ந்துவிடும், சுவருக்கும் வலுவான பிடிமானம் கிடைக்கும்.

நீள்சதுரக் கதவு வட்டமாக வேண்டும். 40 மி.மீ. வட்டம் வரைந்து, கோட்டுக்கு 1 மி.மீ. உள்ளே 2 மி.மீ. துளைகளை வரிசையாகப் போட்டு, இடைவெளிகளை அறுத்து எடுத்து, அரை வட்ட அரத்தால் கோடுவரை தேய்த்தோம். பழைய கதவின் இரு மேல்மூலைகள் வட்டத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் தகடு வைத்து அடைத்து, எபாக்சி புட்டியால் சாந்தின் சொரசொரப்பை ஈரத் தூரிகை கொண்டு ஒற்றி எடுத்துத் தொடர வைக்கலாம். புட்டி கலந்த ஒரு மணி நேரத்துக்குள் இதை முடிக்க வேண்டும். பிறகு அது இழுபடாமல் கிழியும்.

கிட் சுவர் 2 மி.மீ. தான் தடிமன். வாசலில் அந்த மெலிவு தெரிந்தால் குன்றைத் தாங்கும் சுவர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். பின்னால் 10 மி.மீ. நுரை வைத்து, அதிலும் அதே வட்டம் குடைந்து, 8 மி.மீ. பிவிசி வளையத்தைச் சுவரைத் தாண்டி நுரைக்குள்ளும் நுழையும்படி செருகியதும் வாசலுக்கு ஆழம் வந்துவிட்டது.

பசைதான் இங்கே சிக்கல். பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்கோடு இணைக்கும் சிமென்ட் பசை நுரையைக் கரைக்கும். பிளாஸ்டிக் வேலை முழுவதும் முடிந்து, ஒருநாள் முழுக்க ஆவி போன பிறகே சுவர் நுரையின் பக்கம் வர வேண்டும். பிளாஸ்டிக்கும் நுரையும் இரண்டுமே ஈரம் உறிஞ்சாதவை, அதனால் நடுவே பிவிஏ வைத்தால் காய்ந்தது போலத் தோன்றிப் பின்னர் முழுத்தாளாக உரிந்து வரும். இருபொருள் எபாக்சிப் பசை பிடிக்கும். சுவரின் பின்புறத்தைச் சொரசொரப்பாக்கி, நான்கு மூலையிலும் 1 மி.மீ. துளையிட்டுக் கம்பி செருகிவிட்டால் கவலை இல்லை. பிளாஸ்டிக்குக்குப் பதில் ரெசின் வார்ப்பு கிடைத்தால், முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி அச்செண்ணெயைப் போக்க வேண்டும். ரெசினை ஈரமாகவே தேய்க்க வேண்டும், அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

திறக்கும் உச்சி

வீட்டுக்குள் சண்டை நடத்தும் விதிகள் இருந்தால்தான் மூடி வைப்பதில் பொருள் உண்டு. இல்லையென்றால் மூடி வேண்டாம், புல்வெளியில் கோடு தெரியாமல் மறைப்பது கடினம். இரண்டாம் வீட்டில் மேல் அடுக்கு மட்டும் தனியே எழுகிறது. கோடு நடு அடுக்கின் திட்டும் மேல் அடுக்கின் சாய்முகமும் சந்திக்கும் உள்மூலையில் விழுகிறது. குன்றின் உடலோடு ஒட்டிய 5 மி.மீ. உயரக் கல் வரிசை ஒன்று அதை மறைக்கிறது. முன்பக்கக் கோடு கூரைக் கட்டையின் பின்னால் போய்விடும். கட்டை முகப்போடு சேர்ந்தது, மூடியோடு அல்ல.

அறை 100 × 60 மி.மீ. சுற்றுச்சுவர் எங்கும் 20 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. மூடியை எடுத்ததும் முகப்பின் மேல் 20 மி.மீ. தனியே நிற்கும். பின்னால் குறுக்காக ஒரு மரக்குச்சி எபாக்சியால் ஒட்டாவிட்டால் அது ஒடியும். காந்தங்களைவிட மூங்கில் முளைகளே மேல். காந்தம் நுரையில் பிடிக்காது, மூடியைத் தூக்கும்போது காந்தமே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். 3 மி.மீ. மூங்கில் குச்சி இரண்டு, அவற்றை வாங்கும் துளைகளில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் துண்டு, அவ்வளவுதான்.

மண் பூசும்போது உடலுக்கும் மூடிக்கும் நடுவே மெல்லிய பாலித்தீன் தாள் விரித்து, மூடியை உட்காரவைத்தே பூச வேண்டும். பூச்சு இரு பக்கமும் ஒன்றையொன்று அச்செடுத்துக்கொள்ளும். முக்கால்வாசி காய்ந்ததும் தூக்கித் தாளை உரித்தால் மயிரிழை இடைவெளிதான் மிஞ்சும்.

மண், பெயின்ட், புல்

மண்பூச்சு: சுவர் நிரப்பும் பட்டி 3 பங்கு, பிவிஏ 1 பங்கு, அடர் பழுப்பு அக்ரிலிக் 1 பங்கு, ஒரு கைப்பிடி சலித்த மணல், தடவ வரும் அளவுக்குத் தண்ணீர். பழுப்பை உள்ளேயே கலப்பது முக்கியம், பின்னாளில் ஓரம் உடைந்தாலும் மண்தான் தெரியும். ஒரு பூச்சு 2 மி.மீட்டரைத் தாண்டினால் வெடிக்கும். ஆழமான பள்ளங்களை முதலில் நுரைத்துண்டால் அடைத்துவிட வேண்டும். முகப்பைச் சுற்றிய கோட்டில் மட்டும் இந்தப் பூச்சு வேண்டாம். சுருங்கும்போது அங்கேதான் முதல் கீறல் விழும். ஜன்னல் இடுக்கு அடைக்கும் அக்ரிலிக் சீலன்ட் அங்கே சரி, வளைந்து கொடுக்கும். சிலிக்கான் வகை ஆகாது, பெயின்ட் பிடிக்காது.

வெறும் நுரை தெரியும் கல் பகுதிகளுக்குப் பிவிஏயும் கறுப்பு அக்ரிலிக்கும் சரிபாதி கலந்து இரண்டு பூச்சு. ஸ்பிரே பிரைமர் அடிப்பதானால் இந்தப் படலத்தில் ஊசித்துளைகூட இருக்கக் கூடாது. கரைப்பான் துளை வழியே நுழைந்து, மேல்தோல் அப்படியே இருக்க உள்ளே நுரையைக் குழியாக்கும், அழுத்தும்போதுதான் தெரியவரும். குன்று வீட்டுக்கு ஸ்பிரேயைத் தவிர்த்துத் தூரிகையால் பூசுவதையே பரிந்துரைக்கிறோம். கறுப்பின் மேல் பழுப்புச் சாம்பல், பிறகு வெளிர் சாம்பலில் டிரை பிரஷ் (பெயின்ட்டைத் துடைத்த தூரிகையால் மேடுகளை மட்டும் உரசுவது), தரையை ஒட்டிய கற்களில் பச்சை வாஷ் (நீர்த்த பெயின்ட்). கதவுக்கு மட்டும் ஒரு துணிச்சலான நிறம்.

புல் இழைகள் 2 மற்றும் 4 மி.மீ. ஆலிவ் பச்சை 3 பங்கு, வைக்கோல் நிறம் 2 பங்கு, அடர் பச்சை 1 பங்கு எனக் கலந்தவை. இழைகளைத் தூவும் நிலைமின் கருவியின் கம்பியை ஈரப் பசையைத் தொடும் ஆணியில் மாட்டினால்தான் இழை நிமிரும். காய்ந்த பரப்பில் அல்லது மாதிரிக்கு வெளியே மாட்டினால் படுத்துவிடும். சாய்முகத்தில் பசை வழியும், ஆகையால் உள்ளங்கை அளவுப் பகுதிகளாக, அந்தப் பகுதி மட்டமாக இருக்கும்படி மாதிரியைச் சாய்த்துப் பிடித்துச் செய்ய வேண்டும். திட்டுகளிலும் உச்சியிலும் 2 மி.மீ. இழை மட்டும். 4 மி.மீ. இழையும் புதர்க்கொத்துகளும் யாரும் நிற்காத சாய்முகங்களுக்கு. காய்ந்ததும் உதிரியை உறிஞ்சியெடுத்து, பிவிஏ 1 பங்குக்குத் தண்ணீர் 4 பங்கு, பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சொட்டு கலந்து மெல்லத் தெளித்தால் பிடிப்பு கூடும். நனைய நனைய அடித்தால் இழைகள் படுத்துக்கொள்ளும்.

ஆட்டத்தில் தெரியவந்தவை

புகைபோக்கியை முதலில் உச்சியின் நடுவில் வைத்திருந்தோம். 18 மி.மீ. சதுரம்தான் என்றாலும் இரண்டு உருவங்களின் இடத்தை விழுங்கியது, தூக்குபவர்கள் அதையே பிடித்துத் தூக்கினார்கள். பின்பக்கச் சாய்முகத்துக்கு மாற்றி, 3 மி.மீ. மூங்கிலை 40 மி.மீ. ஆழம் இறக்கி நிறுத்தியதும் இரண்டு தொல்லையும் தீர்ந்தன. ஒட்டாமல் செருகி மட்டும் வைத்திருப்பதால், பெட்டியில் வைக்கும்போது கழற்றிவிடலாம். உயரம் அடிப்பலகையோடு 65 மி.மீட்டருக்குள் அடங்கும்.

கீழ் அடுக்கின் பக்கவாட்டு ஓரங்களில் புல் வழுக்கையானது. எல்லாரும் அங்கேதான் விரலைக் கொடுத்துத் தூக்குகிறார்கள். இரு பக்கமும் 60 மி.மீ. நீளத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு, நுரையில் செதுக்கிய பாறை முகம் பதித்து, அதன்மேல் இரண்டு கை மேட் வார்னிஷ் கொடுத்தோம். ஈரப்பதம் மிகுந்த நாளில் ஸ்பிரே வார்னிஷ் வெளுத்துப் போகும் என்பதால் இதுவும் தூரிகை வேலையே.

கிட் வீட்டில் ஒரே ஒரு பழுது. சுவரின் இடது முனையில், மண்பூச்சு பிளாஸ்டிக்கைத் தொடும் இடத்தில் பூச்சு செதிலாகப் பெயர்ந்தது. அங்கே பிளாஸ்டிக்கைச் சொரசொரப்பாக்காமல் பூச்சு ஏறியிருந்தது. பெயர்ந்ததைச் சுரண்டி, 180 எண் தாளால் தேய்த்து, சீலன்ட் வைத்து, அதன்மேல் தாங்கு சுவரை 10 மி.மீ. நீட்டினால் போதும். புதிதாகக் கட்டும்போது கிட் சுவரின் இரு முனைகளையும் கல் அல்லது மரத்தூண் மூடும்படி முதலிலேயே திட்டமிட்டால், பிளாஸ்டிக்கும் மண்ணும் நேரடியாகச் சேரும் இடமே இருக்காது.